இடம் வலம் தெரியாத கம்பளி

இடது கையால் பென்சிலைப் பிடித்த ஒரு குழந்தையின் விரல்களை நீங்கள் எத்தனை முறை தட்டிவிட்டிருக்கிறீர்கள்? ஒரு முறைகூட இல்லை என்றால் நல்லது. அப்படியானால் இன்னொரு கேள்வி. வேறு யாரோ தட்டிவிட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தீர்களா, இல்லையா?

இந்தக் கேள்வி ஓர் இஸ்திரிக்காரப் பெண்ணின் சார்பில் கேட்கப்படுகிறது. அவருக்கு நாற்பத்தாறு வயது. கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் தையல் கூடத்தில் வேலை. அங்கே சட்டையோ பாவாடையோ தைப்பதில்லை. போர்வை மட்டும்தான். உள்ளங்கை அகலச் சதுரங்களாகத் துணியை வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, அடியில் பஞ்சும் அதற்கும் அடியில் ஒரு துணியும் கொடுத்து, மூன்றையும் ஒன்றாக இணைக்கும் துண்டுப் போர்வைகள். குழந்தைக்குப் போர்த்தும் சின்னப் போர்வைக்கே எண்பது சதுரங்கள் வேண்டும்.

எண்பது சதுரங்களைத் தைப்பது பாதி வேலை. மீதிப் பாதி இஸ்திரி. ஒவ்வொரு தையலையும் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்த வேண்டும். முதல் வரிசையின் தையல்கள் இடப்பக்கம் சாய்ந்தால், அடுத்த வரிசையின் தையல்கள் வலப்பக்கம் சாய வேண்டும். அப்போதுதான் இரண்டு வரிசைகளும் ஒன்றில் ஒன்று பொருந்தி, நான்கு சதுரங்களின் மூலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த இடத்தில் போர்வை புடைத்துக்கொள்ளும். இந்த வேலையில் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் ஓட்டவும் கூடாது. ஓட்டினால் சதுரம் இழுபட்டுக் கோணும். வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். வைக்க வேண்டும், எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை.

அந்த ஆயிரம் முறையையும் அவர் இடது கையால் செய்தார். பிறந்ததிலிருந்து அவருக்கு அதுதான் கை.

சின்ன வயதில் அப்பா அந்தக் கையைத் தட்டினார். பள்ளியில் ஸ்கேலால் தட்டினார்கள். அம்மா ஒரு படி மேலே போய், சாப்பிடும் நேரத்திலும் எழுதும் நேரத்திலும் அந்தக் கையை நாற்காலியோடு ரிப்பனால் கட்டிவைக்கச் சொன்னார். கட்டும் வேலை அண்ணனுக்கு. அண்ணனுக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. இப்படி ஒரு குழந்தையைக் கட்டிப்போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதுதான் எரிச்சலூட்டும் விஷயம். எல்லோரும் அவளுடைய நன்மைக்காகவே செய்தார்கள்.

வளர்ந்து, இருபது வயதைத் தாண்டியதும் ஒரு சலவைக் கடையில் வேலைக்குப் போனாள். முதலாளி பார்க்கும்போது வலது கை, பார்க்காதபோது இடது கை. இஸ்திரிப் பலகை வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. அதன் கூம்பு முனை அவளுக்கு எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. பிளக் வலச் சுவரில் இருந்ததால், வயர் மார்பின் குறுக்கே வந்து துணிமேல் விழுந்தது. பதினெட்டு வருடம் அந்த வயரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் வேலை செய்தாள்.

பிறகு அண்ணன் இந்தத் தையல் கூடத்துக்கு அழைத்து வந்தார். அண்ணன் இங்கே துணி வெட்டுபவர். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. தங்கைக்கு மட்டும் அண்ணன். அவருக்குத் தங்கை இன்னும் 'பாப்பா'தான். மற்றவர்களுக்கு அவர் இஸ்திரியக்கா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாளியம்மா ஒரு கம்பளி விரிப்பு வாங்கி வந்தார். சாம்பல் நிறம். அரை அங்குலத் தடிமன். தலையணையை விடக் கொஞ்சம் அகலம். மேசையில் போட்டு அதன்மேல் துணியை வைத்து அழுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் முதல் நாளே இஸ்திரியக்காவுக்கு அதன் அருமை புரிந்துவிட்டது. கம்பளி சூட்டை வாங்கித் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே பெட்டி சுட, அடியில் கம்பளி சுட, துணி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் படிகிறது. திருப்பிப் போட வேண்டியதில்லை. கம்பளியின் சின்னச் சின்ன மயிர்கள் துணியைப் பிடித்துக்கொள்வதால் சதுரம் நழுவுவதில்லை. தையலின் தடிப்பு கம்பளிக்குள் அமுங்கிவிடுவதால் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி சமமாக வருகிறது.

இதையெல்லாம் விட ஒன்று. அந்த விரிப்புக்குக் கூம்பு முனை இல்லை. முன் இல்லை, பின் இல்லை. மேசையைச் சுற்றி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிற்கலாம். அவர் மேசையின் மறுபக்கம் போய் நின்றார். இங்கேயும் பிளக் வலச் சுவரில்தான். ஆனால் மறுபக்கம் நின்றதால் வயர் குறுக்கே வரவில்லை. எந்தக் கை என்று அவரைக் கேட்காத முதல் சாமான் அது. அன்று மாலை அவர் விரிப்பைத் தடவிக்கொண்டே நின்றதைப் பார்த்து, கூடத்தில் மிஷின் தைக்கும் பெண் கேட்டாள். வாய் ஓயாததால் அவளுக்கு 'வானொலி' என்று பெயர்.

"என்னக்கா, ஆட்டுக்குட்டியைத் தடவுற மாதிரி தடவுறீங்க?"

"ஆடுதானேடி. மோந்து பாரு."

நீராவி பட்டால் விரிப்பிலிருந்து நனைந்த ஆட்டின் வாசனை வரும். அன்றிலிருந்து அதற்கு 'ஆடு' என்றே பெயர் வந்துவிட்டது. "ஆட்டை வெயில்ல கட்டியாச்சா?" என்று மாலையில் வானொலி கேட்பாள். ஜன்னல் கம்பியில் காயப்போட்டாயிற்றா என்று அர்த்தம்.

இந்த வருடம் ஒரு பிரசவ மருத்துவமனையிலிருந்து முப்பது குழந்தைப் போர்வைகளுக்கு ஆர்டர் வந்தது. வேலை அதிகம். நாள் முழுக்க நீராவி. ஈரம் கம்பளியைத் தாண்டி மேசைக்கு இறங்கி, மர மேசையின் பாலிஷ் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. முதலாளியம்மா பார்த்தார்.

"என்னம்மா இது? மேசைக்குச் சொறி பிடிச்ச மாதிரி இருக்கு! அடியில ஏதாவது போட்டுக்கக் கூடாதா?"

தங்கை திட்டு வாங்கியதைக் கேட்ட அண்ணன் ஒரு வேலை செய்தார். அவர் துணி வெட்டுவது ஒரு பச்சை நிற பிளாஸ்டிக் கட்டிங் மேட்டின்மேல். அதில் கட்டம் கட்டமாகக் கோடுகள் அச்சிட்டிருக்கும். கத்தி பட்டாலும் கிழியாது, ஈரம் பட்டாலும் ஊறாது. அவருக்கு நான்கு மணிக்கு வேலை முடிந்துவிடும். தங்கைக்கு ஏழு மணி. எனவே கிளம்பும்போது தன் கட்டிங் மேட்டைத் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கையின் கம்பளிக்கு அடியில் போட்டார்.

"ஈரம் இறங்காது பாப்பா. காலையில வந்து எடுத்துக்கறேன்."

"உனக்குக் கெட்டுப் போயிடாதே?"

"கத்திக்கே அசையாது. உன் ஆட்டுக்கா அசையும்?"

ஐந்து நாள் அப்படிச் செய்தார். ஆறாம் நாளிலிருந்து மூலைகள் சந்திக்கவில்லை.

பத்துப் போர்வைகள் நன்றாக வந்திருந்தன. பதினொன்றாவதிலிருந்து, ஒரு வரிசையை அடுத்த வரிசையோடு வைத்தால் முதல் மூலை சேர்ந்தது, இரண்டாவது மூலை கொஞ்சம் தள்ளியது, எட்டாவது மூலை அரை விரல் அகலம் தள்ளி நின்றது. வானொலி பிரித்துப் பிரித்துத் தைத்தாள். சேரவில்லை. முதலாளியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். மிஷினைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். கடைசியாக இஸ்திரியக்காவின் இடது கையைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் மூடநம்பிக்கைக்காரி இல்ல" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். "ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல? பிறந்த குழந்தைங்களுக்குப் போற போர்வை. இடக்கையால அழுத்தினா துணி அந்தப் பக்கமாத்தானே இழுக்கும்?"

"ரெண்டு வருஷமா இழுக்கலையேம்மா?"

"அதான் இப்ப இழுக்குதே! வலக்கையால போட்டுப் பாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும். மருத்துவமனைக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

வானொலி வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் அது ஒரு சாதனை. அண்ணன் அங்கேதான் இருந்தார். துணியை மடித்துக்கொண்டே இருந்தார். ஏற்கெனவே மடித்த துணியை விரித்து மறுபடியும் மடித்தார். தங்கை அவரை ஒரு முறை பார்த்தாள். பிறகு பெட்டியை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ராசி என்பது காரணம் தேட அலுத்துக்கொண்டவர்கள் கண்டுபிடித்த சொல். அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதைப் பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. அன்று முழுக்க அவர் வலது கையால் அழுத்தினார். பழகாத கை தடுமாறி, இடது மணிக்கட்டில் பெட்டி பட்டுத் தோல் வழன்றது. மூலைகள் அப்போதும் சேரவில்லை. அப்படியென்றால் கையில் குற்றமில்லை என்றுதானே ஆகிறது? இல்லையாம். "பழக்கமில்லாத கை, அதான்" என்றார் முதலாளியம்மா. இடது கை என்றால் ராசியில்லை, வலது கை என்றால் பழக்கமில்லை. எந்தப் பதில் சொன்னாலும் தோற்கும்படி வைத்த கேள்விக்கு விசாரணை என்று பெயரா? தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு அதற்குத் தோதாகச் சாட்சி தேடுவதற்கு வேறு பெயர் இருக்கிறது.

வீட்டில் அவருக்கு ஒரே மகள். பத்து வயது. அவளும் இடக்கை. மகள் பள்ளியில் சேர்ந்த முதல் வாரம் இவர் வகுப்பறை வாசலில் போய் நின்று, "அவ கையை மட்டும் தொடாதீங்க. வேற எதுக்கு வேணும்னாலும் திட்டுங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தவர். அன்று மாலை மணிக்கட்டில் மருந்து தடவிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புண்ணையே பார்த்தாள்.

"அம்மா, இடக்கையில சுட்டிருக்கே. அப்போ பெட்டி எந்தக் கையில இருந்துச்சு?"

அம்மா மருந்து டப்பாவை மூடினார்.

"வலக்கையிலயா? ஏம்மா? உனக்கு அது வராதே."

"சும்மா... பழகிப் பார்த்தேன்."

"நானும் பழகணுமா?"

குழந்தை ஒரு குற்றச்சாட்டாக அதைக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதனால்தான் அம்மாவுக்கு அது அந்தச் சூட்டை விட அதிகமாக உறைத்தது. இப்போது போகப் போவது வேலை மட்டுமல்ல. வகுப்பறை வாசலில் நின்று தான் சொன்ன சொல்லும் சேர்ந்து போகும்.

"நீ பழக வேண்டாம்" என்றார். "நானும் இனிமே பழகப் போறதில்ல."

மறுநாள் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தார்கள். இஸ்திரியக்கா யோசித்தார். மூலை கோணுவதற்கு மூன்று இடங்கள்தான் உண்டு. வெட்டும் இடம், தைக்கும் இடம், அழுத்தும் இடம். எல்லோரும் கடைசி இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அவர் முதல் இடத்துக்குப் போனார். அண்ணனின் மேசையில் வெட்டி அடுக்கிய சதுரங்கள் இருந்தன. இன்னும் மிஷினுக்குப் போகாதவை. அதில் பத்தை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைத் தட்டினார். மூன்று ஓரங்கள் சேர்ந்தன. நான்காவது ஓரம் படிக்கட்டு மாதிரி நின்றது. ஒன்றுக்கொன்று இரண்டு நூல், மூன்று நூல் வித்தியாசம்.

கட்டிங் மேட்டின் நடுவில் விரலால் அழுத்தினார். அது கீழே போய், விரலை எடுத்ததும் 'டக்' என்று மேலே வந்தது. நடுப்பகுதி ஒரு நாணயத் தடிமனுக்கு வீங்கியிருந்தது. சும்மா பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. அதில் அச்சிட்ட கோடுகளும் கூடவே நகர்ந்திருந்தன. அண்ணனோ ஸ்கேலால் அளக்கிறவர் இல்லை. மேட்டில் இருக்கும் கோட்டை நம்பித் துணியை வைத்து வெட்டுகிறவர். கத்திக்கு அசையாத பிளாஸ்டிக், ஐந்து மாலைகள் கம்பளியின் அடியில் கிடந்து வெந்திருக்கிறது. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கம்பளி, அதைக் கீழேயும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியிருக்கிறது.

எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. தன்னைத் திட்டிலிருந்து காப்பாற்றத்தான் அண்ணன் அதைப் போட்டார்.

"என்ன பாப்பா, என் மேசையில என்ன தேடுற?" அண்ணன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுமில்லண்ணா. இந்தப் பத்துத் துண்டு எனக்கு வேணும்."

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முதலாளியம்மாவின் முன்னால் அந்தப் பத்துச் சதுரங்களைப் பரப்பினார்.

"அம்மா, கண்ணாடி போட்டுக்கங்க. இதுல எது இடக்கையால போட்டது, எது வலக்கையால போட்டதுன்னு பிரிச்சுக் காட்டுங்க."

முதலாளியம்மா உற்சாகமாகிவிட்டார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். ஆறை ஒரு பக்கம் வைத்தார், நான்கை இன்னொரு பக்கம். "இந்த ஆறும் இடக்கை. ஓரம் எப்படிக் கோணியிருக்கு பாரு! இந்த நாலும் வலக்கை. பார்த்தாலே தெரியுது."

"நல்லா பாத்தீங்களா?"

"எனக்கென்ன கண்ணு தெரியாதா?"

வானொலியும் எட்டிப் பார்த்தாள். "ஆமாக்கா. இந்த ஆறு கொஞ்சம் அப்படித்தான் இருக்கு."

"வெட்டினதுக்கப்புறம் இந்தப் பத்துலயும் இஸ்திரிப் பெட்டியே படலம்மா" என்றார் இஸ்திரியக்கா. "மாஸ்டர் மேசையிலேர்ந்து நேரா எடுத்துட்டு வந்தேன்."

முதலாளியம்மா கையிலிருந்த சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ... மாஸ்டர் வெட்டினதா கோணல்?" என்றார் முதலாளியம்மா.

"அய்யய்யோ" என்றாள் வானொலி. "அப்போ வலக்கைக்கும் ராசி போயிடுச்சா?"

"யார் கையிலயும் ஒண்ணும் இல்ல" என்று இஸ்திரியக்கா வேகமாகச் சொன்னார். "என் கை பேரைச் சொல்லாதீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். அதுக்கு மேல எதுவும் சொல்ல வரல." அவர் கட்டிங் மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் கை நிரபராதி என்று காட்டினால் போதும். அண்ணனைக் கூண்டில் ஏற்ற அவருக்கு மனமில்லை.

ஆனால் அண்ணன் அந்த ஆறு சதுரங்களையும் பார்த்துவிட்டார். இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனார். மேட்டின்மேல் ஸ்கேலை வைத்தார். ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பியது. 'டக், டக்.' மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு மேட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து முதலாளியம்மாவின் மேசையில் வைத்தார்.

"நான்தாம்மா. சாயந்தரம் சாயந்தரம் இதைக் கொண்டுபோய் ஆட்டுக்கு அடியில போட்டேன். வெந்து வீங்கியிருக்கு. பாப்பா கேக்கல, நானாத்தான் போட்டேன். பதினொண்ணாவது போர்வையிலேர்ந்து எல்லாம் என் தப்பு. ஆளை மாத்தணும்னா என்னை மாத்துங்க."

முதலாளியம்மா ஆளை மாற்றவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. முதலாளிகளுக்கு அந்தச் சொல் தொண்டையில் சிக்கும். புது மேட் வாங்கிவர ஆள் அனுப்பினார். போகிற போக்கில், "உன் கையாலயே போடும்மா, சீக்கிரம் முடி" என்றார். அவர் பங்குக்கு அது பெரிய விஷயம்தான். இஸ்திரியக்காவுக்கு அது போதவில்லை.

"சீக்கிரம் முடிக்கறேன். ஆனா ராசியில்லன்னு சொன்னதை எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைங்கறதையும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். "சரி. அது கை இல்ல, மேட்டு. போதுமா?"

"போதும்மா."

கோணிய சதுரங்கள் பெரிதாகத்தான் போயிருந்தன, சின்னதாகப் போகவில்லை. அதனால் பிரித்து, ஓரத்தை வெட்டிச் சரிசெய்து, மறுபடி தைக்க முடிந்தது. பிரிக்கும் வேலைக்கு அண்ணன் நான்கு மணிக்குக் கிளம்பாமல் தங்கையோடு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஊசி முனையால் தையலை ஒவ்வொன்றாகத் தூக்கி நூலை அறுத்தார்கள்.

"அன்னிக்கு அவங்க என் கையைச் சொன்னப்ப நீ ஏண்ணா வாயைத் திறக்கல?"

அண்ணன் ஒரு நூலை முழுக்க உருவி எடுத்த பிறகுதான் பதில் சொன்னார். "பயம். வேற என்ன? நான்தானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன். ரெண்டு பேர் வேலையும் போயிடுமோன்னு."

"ம்."

"சொல்லியிருக்கணும், பாப்பா."

"சின்ன வயசுல நீ கையைக் கட்டுவியே, ஞாபகம் இருக்கா? அது உருவு முடிச்சு. இழுத்தா அவுந்துடும்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா? அம்மா அந்தப் பக்கம் போனதும் அவுத்துடுவேன். வர்ற சத்தம் கேட்டா நானே மாட்டிக்குவேன். நீ வேணும்னேதான் அப்படிப் போட்டேன்னு தெரியும். அதனாலதான் உன்மேல எனக்குக் கோபமே வந்ததில்ல."

அண்ணன் ஊசியைக் கீழே வைத்தார். ஐம்பது வயதான மனிதர். கண்ணைத் துடைக்கக் கையில் இருந்த சதுரத்தையே எடுத்துவிட்டு, அது குழந்தைப் போர்வைக்குப் போவது என்பது நினைவுக்கு வந்ததும் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"கோபம் வந்திருக்கணும்" என்றார். "தளர்வா கட்டினேன்னு இத்தனை நாளா பெருமையா இருந்தேன். கட்டாமலே இருந்திருக்கணும்."

தங்கை அவர் கைமேல் தன் கையை வைத்தாள். இடது கையை. மணிக்கட்டுப் புண் அப்போதுதான் காய ஆரம்பித்திருந்தது.

முப்பது போர்வைகளும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. இப்போது அந்தக் கம்பளிக்கு அடியில், மேசைக்கும் அதற்கும் நடுவில், தரையில் பதிப்பதற்கு வாங்கி மீந்துபோன ஒரு பெரிய டைல்ஸ் கிடக்கிறது. சூட்டுக்கும் அசையாது, ஈரத்துக்கும் ஊறாது. அண்ணன் தன் வீட்டிலிருந்து சுமந்து வந்தது. அதோடு நிற்காமல், தங்கை மேசையின் மறுபக்கம் போய்த் தனியாக நிற்காமல் எல்லோரோடும் ஒரே பக்கம் நின்று வேலை செய்ய, எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து, வலச் சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றி இடப்பக்கம் வைக்கச் சொன்னார். அரை மணி நேர வேலை. சலவைக் கடையிலும் இங்கேயுமாக இருபது வருடம் அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்கவில்லை.

உங்களுக்கு அந்த அரை மணி நேரம் இருக்கிறது. நாளைக் காலையில் வேலைக்குப் போனதும் சுற்றிப் பாருங்கள். நூறு பேர் இருக்கும் இடத்தில் பத்துப் பேராவது இடக்கைக்காரர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் போய், உங்கள் வயர் எந்தப் பக்கம் வருகிறது, உங்களுக்கு மேசை எந்தப் பக்கம் இருந்தால் வசதி என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அதை நகர்த்திப் போடுங்கள். இனி எங்கேயாவது ஒரு குழந்தையின் இடது கையை யாராவது தட்டும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தால், துணியை மடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அப்போதே, அங்கேயே வாயைத் திறங்கள்.